ஐயர் வீட்டுக் கிணறு

சென்னை எழும்பூரில் புறப்பட்டு, சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று தெற்கே ஓடும் ரயில் பாதை நம்மில் பலருக்குத் தினசரிப் பழக்கம். புதுச்சேரிக்குப் போகிறவரும் இவ்வழியேதான் விழுப்புரம் வரை போய், அங்கிருந்து கிழக்கே திரும்ப வேண்டும். 1908க்குப் பிறகு பத்தாண்டுக் காலம் இந்தத் தடத்தில் பிரயாணம் செய்தவர்களில் எத்தனை பேர் தங்கள் உண்மைப் பெயரில் போனார்கள் என்று யோசித்தால், கதை எழுதுகிறவனுக்கு நாக்கில் நீர் ஊறும்!

1908இல் "இந்தியா" பத்திரிகையின்மீது ஸர்க்காரின் பிடி இறுகியதும் பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். 1910 ஏப்ரலில் அரவிந்தர், வேறொரு பெயரில் டிக்கெட் வாங்கி, கல்கத்தாவிலிருந்து "டூப்ளே" என்ற கப்பலில் வந்து இறங்கினார். அதே ஆண்டில் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தார். பாரிஸ்டர் ஆவதற்காக லண்டனுக்குப் போன திருச்சி வரகனேரி பிராமணர், முஸ்லிம் வேஷத்தில் திரும்பி வந்தார்! வழியில் ஒரு துப்பறிவோன் பெட்டியின் மேல் இருந்த "வி. வி. எஸ்." என்ற எழுத்துக்களைப் பார்த்துச் சந்தேகித்தானாம். "வீர விக்ரம சிங்" என்று தாடியை நீவிக்கொண்டு ஐயர் தப்பித்ததாகச் சொல்வார்கள்.

வேஷக்காரர்கள் புதுச்சேரியில் வேஷத்தைக் கலைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வேஷம் போட்டவர்கள் பிரிட்டிஷ் ஒற்றர்கள்தாம்.

இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட பிறகு, புதுச்சேரித் தமிழர்களைச் சுற்றி வலை நெருங்கியது. ஐரோப்பாவிலோ, ஜெர்மனியைக் கண்டு அஞ்சி, 1904 முதலே இங்கிலாந்தும் பிரான்ஸும் கைகோத்துக்கொண்டிருந்தன. பழைய பகையாளிகள் நண்பர்களாகிவிட்டால், பகையின் நிழலில் ஒதுங்கியவனுக்கு நிழல் ஏது? பிரெஞ்சு அதிகாரிகள் கைவிடுவதற்கு ஒரு சாக்கு அகப்பட்டால் போதும்.

சாக்கு அகப்படவில்லை, ஆகவே தயாரித்தார்கள். 1912இல் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது, மூடிய பாத்திரம் ஒன்று வெளியே வந்தது. திறந்து பார்த்தால் ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள், காளியின் படம், வங்காளி எழுத்துக்கள்! எரித்துவிடலாமா, புதைத்துவிடலாமா என்றுதான் நமக்குத் தோன்றும். அவர்கள் கலந்து ஆலோசித்து, தாங்களே பிரெஞ்சுப் போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதில்தான் பிழைத்தார்கள்.

மயூரேசன் என்ற உளவாளி கொடுத்த புகாரின் பேரில், நாந்தோ என்ற பிரெஞ்சு நீதிபதி அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்தார். மேஜை இழுப்பறையில் வெடிகுண்டுக் குறிப்பைத் தேடியவருக்குக் கிரேக்கப் புத்தகங்களும் லத்தீன் புத்தகங்களும் அகப்பட்டன. இந்த மனிதருக்கு இவ்விரு பாஷைகளும் தெரியுமா என்று வியந்து, மரியாதையுடன் விடைபெற்றுக்கொண்டார். பொய்ப் புகாருக்காகத் தம்மீதே வழக்கு வரும் என்று கண்ட மயூரேசன், பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிவிட்டார்.

வெளியே நின்றவர்களைவிட உள்ளே புகுந்தவர் கதை இன்னும் விசித்திரமானது. 1913இல் அரவிந்தர் வீட்டுக்கு நோயாளி ஒருவருக்குத் துணையாகப் பீரேன் என்ற வங்காளி இளைஞன் வந்தான். சமைத்தான், பரிமாறினான், உடன் சிரித்தான். ஒரு நாள் தலையை மொட்டை அடித்துக்கொண்டான். உடனே வீட்டிலிருந்த மற்றொரு இளைஞர், "எனக்கும் மொட்டை!" என்று உட்கார்ந்துவிட்டார். பீரேன் தடுத்துப் பார்த்தும் பயனில்லை. பாவம், அந்த மொட்டை ஓர் அடையாளம்! தனக்குப் பதிலாக வரவிருந்த ஒற்றன் தன்னைக் கண்டுகொள்வதற்காகப் பீரேன் செய்த ஏற்பாடு. இரண்டு மொட்டைகளைக் கண்டதும், தன் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று அவனுக்கு நடுக்கம் எடுத்தது. அவர்களுக்கோ ஒன்றுமே தெரியாது! சில நாள் புழுங்கி, எல்லார் முன்னிலையிலும் தான் ஒற்றன் என்று அவனாகவே அழுது ஒப்புக்கொண்டு, வாங்கிய கூலியை அரவிந்தரின் காலடியில் வைத்துவிட்டான்.

1914இல் யுத்தம் வந்தது. செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது, அதில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்ற வதந்தியும் பற்றிக்கொண்டது. ஆதாரம் கிடையாது, ஆனாலும் இன்றுவரை நம்புகிறவர்கள் உண்டு.

யுத்தம் ஓய்ந்து ஒன்பதாவது நாள், 1918 நவம்பர் 20ஆம் தேதி, பாரதியார் எல்லையைக் கடந்தார். வேஷம் இல்லை, மாற்றுப் பெயர் இல்லை. பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். பத்தாண்டுகள் ஒற்றர்கள் எழுதிக் குவித்த அறிக்கைகளெல்லாம் கைவசம் இருந்தும், ஒரு மாதம்கூட வைத்திருக்க முடியவில்லை. டிசம்பர் 14ஆம் தேதி, சில நிபந்தனைகளுடன் விட்டுவிட்டார்கள்.