ஒட்டுப்போட்ட கம்பிக்கு ஒரு சட்டை

சால்டரிங் பழகுகிற எவருக்கும் முதலில் சொல்லித்தரப்படுவது கம்பியைச் சுரண்டுவது, முறுக்குவது, ஈயம் உருக்கி வைப்பது, இவ்வளவுதான். அந்த இணைப்பின்மேல் எதைப் போர்த்துவது என்பதைப் பலரும் கடைசி நிமிட வேலையாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. இரண்டு செம்புக் கம்பிகளைச் சேர்ப்பது சுலபமான வேலை. சேர்த்த இடத்தை மூடுவதுதான் பெரிய தலைவலி! அந்தத் தலைவலிக்கு மருந்து தேடிய கதையில் கல்கத்தா, சிங்கப்பூர், நம்ம மெட்ராஸ் எல்லாமே வருகின்றன.

காரணம் எளிமையானது. கம்பியின்மேல் உள்ள உறையைத் தொழிற்சாலையில் இயந்திரம் ஒரே சீராகப் போட்டுவிடும். ஆனால் ஒட்டுப்போட வேண்டுமென்றால் அந்த உறையை வெட்டியாக வேண்டும். வெட்டிய இடத்தில் புது உறையை மனிதன் கையால்தான் போடவேண்டும். எனவே எவ்வளவு நல்ல கம்பியாக இருந்தாலும் அதன் பலவீனமான இடம் இணைப்புதான்.

இந்தியாவில் இதை முதலில் சந்தித்தவர்களில் ஒருவர் வில்லியம் ஓஷாக்னசி. கல்கத்தாவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த இவர், 1839-ல் மூங்கில் கம்பங்கள்மேல் கம்பி இழுத்துத் தந்திச் சோதனை செய்தார். தரையில் அது பெரிய சிக்கல் இல்லை, காற்றே ஒரு காப்பு. ஹூக்ளி ஆற்றை எப்படித் தாண்டுவது? அவர் கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, அதன்மேல் தார் தோய்த்த நூலைச் சுற்றி ஆற்றுக்குள் போட்டார். கையில் கிடைத்ததை வைத்துச் செய்த வேலைதான். ஆற்றுக்குப் போதும், கடலுக்குப் போதாது.

கடலுக்கான விடை மலாய்க் காடுகளில் இருந்தது. அங்கே ஒரு மரத்தின் பாலை உறையவைத்துக் கத்திக் கைப்பிடிகள் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் கட்டாபெர்ச்சா. வெந்நீரில் போட்டால் களிமண்போல் இளகும், ஆறினால் இறுகிவிடும். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1840-களில் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1847-ல் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் இதைக் கம்பிக்கு உறையாக்கினார். மறு ஆண்டே மைக்கேல் ஃபாரடே இது மிகச் சிறந்த மின்காப்பு என்று எழுதினார். காற்றிலும் வெயிலிலும் வெடித்துப்போகும் இந்தப் பிசின், கடலடியின் இருட்டிலும் குளிரிலும் பல்லாண்டு கெடாமல் இருந்தது!

சரி, இணைப்பை எப்படி மூடினார்கள்? இரு முனைகளையும் சரிவாக அராவி, பொருத்தி, மெல்லிய கம்பியால் சுற்றி, ஈயம் வைப்பார்கள். பிறகு இரண்டு பக்கத்துப் பிசின் உறையையும் விளக்கில் காட்டி இளக்கி நடுவே இழுத்து மூடுவார்கள். அதன்மேல் பிசினும் தாரும் குங்கிலியமும் கலந்த பசை, அதற்கும் மேல் புதிய பிசின் தகடு. ஒரு காற்றுக் குமிழியோ வியர்வையோ தூசியோ உள்ளே மாட்டிக்கொண்டால் போச்சு. கை சுத்தம்தான் இந்தத் தொழிலின் முதல் பாடம். முடிந்த இணைப்பைத் தண்ணீரில் போட்டு, மின்சாரம் கசிகிறதா என்று சோதிப்பார்கள்.

1858-ல் அட்லாண்டிக் கடலில் போட்ட முதல் கேபிளுக்கான கம்பி இரண்டு மைல் துண்டுகளாக வந்தது. சுமார் 1,200 துண்டுகள்! அத்தனை இணைப்புகளும் கைவேலை. காப்பில் ஏற்கெனவே குறைகள் இருந்த அந்தக் கேபிளில் சுமார் 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தினார்கள். மூன்று வாரத்தில் கேபிள் செத்துப்போனது. பெரும் முதலீடு கடலுக்கடியில் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட பிறகுதான் கிழக்குக் கடல்களிலும் கேபிள்கள் வந்தன. 1871-ல் மெட்ராஸ் கடற்கரையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கேபிள் இயங்கத் தொடங்கியது. எந்த ஊரிலிருந்து பிசின் கப்பலேறியதோ அதே ஊருக்கு, அதே பிசினைப் போர்த்திக்கொண்டு கேபிள் திரும்பிப் போனது.

இதற்கு விலை கொடுத்தது காடு. பாலை முழுசாக எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்தில் கிடைத்தது சில நூறு கிராம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மலாயாவின் பல பகுதிகளில் அந்த மரமே அரிதாகிவிட்டது. கணக்குப் புத்தகத்தில் மூலப்பொருளின் விலை இருக்கும், காட்டின் விலை இருக்காது.

பிறகு வேதியியல் கைகொடுத்தது. 1933-ல் இங்கிலாந்தில் பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது, காலப்போக்கில் கடலடிக் கேபிள்களில் பிசினின் இடத்தைப் பிடித்தது. வீட்டு வயரிங்கில் ரப்பர் பூசிய கறுப்புத் துணி டேப்தான் வெகுகாலம் ஆண்டது. 1946-ல் 3எம் நிறுவனம் பிவிசி டேப்பைக் கொண்டுவந்தது. இன்று எல்லா எலக்ட்ரீஷியன் பையிலும் இருப்பது இதன் வாரிசுதான்.

அடுத்தது ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். பாலித்தீன்மேல் கதிர்வீச்சைச் செலுத்தினால் அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்று 1950-களின் தொடக்கத்தில் ஆர்தர் சார்ல்ஸ்பி காட்டினார். அப்படிப் பின்னிய குழாயைச் சூடாக்கி, விரித்து, விரித்தபடியே குளிரவைத்தால் அது பழைய அளவை 'ஞாபகம்' வைத்திருக்கும். மறுபடி சூடு பட்டதும் சுருங்கி இணைப்பை இறுக்கிப் பிடிக்கும். 1957-ல் அமெரிக்காவில் பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இதைப் பெரிய வியாபாரமாக்கியது.

இன்று மாடம்பாக்கத்திலோ சேலையூரிலோ இருக்கும் ஒரு மாணவன் தாம்பரத்தில் மின்ரயில் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட் போனால், இந்த ஸ்லீவைச் சில ரூபாய்க்கு வாங்கலாம். ஆனாலும் பலர் டேப்போடு நின்றுவிடுகிறார்கள். சென்னை வெயிலில் டேப்பின் பசை இளகும், முனை பிரியும், மழைக்கால ஈரம் உள்ளே போகும். பிறகு இரண்டு கம்பி தொட்டுக்கொண்டு சர்க்யூட் புகைந்தால் பழி ஈயத்தின்மேல்!

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஈயம் வைப்பதற்கு முன்பே ஸ்லீவைக் கம்பியில் கோத்துக்கொள்ள வேண்டும், சூடு படாத தூரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். இணைப்பு ஆறியதும் இரண்டு பக்கத்து உறையையும் அரை அங்குலமாவது மூடுகிறமாதிரி இழுத்துச் சூடுகாட்ட வேண்டும். இரண்டு கம்பிகள் அருகருகே போனால் இணைப்புகளை ஒரே இடத்தில் வைக்காமல் முன்னும் பின்னுமாக வைத்தால், உறை கிழிந்தாலும் அவை தொட்டுக்கொள்ளாது. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்கு இந்த ஸ்லீவை மட்டும் நம்பவே கூடாது, அதற்கு முறையான கனெக்டரும் மூடிய பெட்டியும் வேண்டும்.

காடுகளை அழித்தும் கோடிகளைத் தொலைத்தும் உலகம் கற்றுக்கொண்ட பாடம், இன்று இரண்டங்குலக் குழாயாகக் கடையில் தொங்குகிறது. சால்டரிங் முடிந்தது என்று சொல்ல வேண்டியது ஈயம் ஆறிய பிறகு அல்ல, இணைப்புக்குச் சட்டை போட்ட பிறகுதான்.