மலேசியத் தமிழ் நாவல்களின் முகப்பட்டையும் மூல ஒளிப்படங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நூலின் முகப்பட்டை வாசகர் காணும் முதற்பக்கமாகும். அதனை வெறும் அலங்காரமாகக் கருதி நாம் கடந்து விடுகின்றோம். பழைய நாவல்களுக்கு மூல ஒளிப்படங்களைக் கொண்டு புதிய முகப்பட்டை அமைக்கும் பயிற்சியொன்றை நம் மாணவர்களுக்கு அளித்தபோது, அது வரலாற்றுச் சிக்கல்கள் பலவற்றை உள்ளடக்கியது என்பதை உணர்ந்தோம். அவற்றுள் சிலவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

அச்சும் அட்டையும்

மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917இல் வெளிவந்தது. ஈய எழுத்தச்சு வழங்கிய அக்காலத்தில் ஓவியத்தை அச்சிடத் துத்தநாகத் தகட்டில் செய்த லைன் பிளாக் போதுமானது. ஒளிப்படத்திற்கோ, கருமையையும் வெண்மையையும் சிறு புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் ஆஃப்டோன் பிளாக்கும் வழுவழுப்பான தாளும் வேண்டும். செலவு மிகும். எனவே, அட்டைக்கு எழுத்தும் கோட்டோவியமுமே எளிதில் கைகூடின. மேலும், இந்நாட்டு எழுத்தாளர் பலரின் நூல்கள் சென்னையில் அச்சேறின. பால்மரக் காட்டையும் லயத்தையும் நேரில் காணாத ஓவியர் ஒருவர், கதைச்சுருக்கத்தைக் கொண்டே தோட்டத்தைக் கற்பனை செய்ய வேண்டிய நிலையும் இதனால் உருவானது.

தமிழகத்தில் 1974இல் தொடங்கப்பட்ட க்ரியா பதிப்பகம், ஆதிமூலம் முதலிய நவீன ஓவியர்களின் துணையுடன் முகப்பட்டைக்குப் புதுமதிப்பை ஏற்படுத்தியது. ஆப்செட் அச்சும் பின்னர்க் கணினியும் பரவியபின் ஒளிப்படத்திற்கு இருந்த தொழில்நுட்பத் தடை நீங்கிற்று. எவ்வாறு அச்சிடுவது என்ற வினாவின் இடத்தை, எந்தப் படத்தை இடுவது என்ற வினா பிடித்துக்கொண்டது.

யாருடைய பார்வை?

மலாயாவின் பழைய ஒளிப்படங்களுள் பெரும்பகுதி ஐரோப்பியப் படப்பிடிப்பாளர்களின் ஆக்கமே. 1867இல் சிங்கப்பூரில் லாம்பர்ட் தொடங்கிய நிலையமும், 1907இல் மலாயத் தீபகற்பம் பற்றிய படத்தொகுப்பை வெளியிட்ட கிளைன்குரோத்தேயும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவர்கள். இத்தகைய படங்களில் தமிழ்த் தொழிலாளி பெரும்பாலும் பெயரற்றவர். ஓர் ‘இனத்தின் மாதிரி’யாகவோ மரத்தின் அளவைக் காட்டும் அளவுகோலாகவோ நிற்பவர். அப்படத்தை அப்படியே நம் நாவலின் முகப்பில் இடும்போது, துரையின் பார்வையையே நாம் மீண்டும் பதிப்பிக்கின்றோம் எனலாம்.

மரண ரயிலும் மறைந்த முகங்களும்

இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படுவது ஆர். சண்முகம் 1993இல் வெளியிட்ட ‘சயாம் மரண ரயில்’ நாவலிலாகும். 1942-43ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட அப்பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் உழைத்தனர். ஆசியத் தொழிலாளர்களின் தொகை அதனினும் பன்மடங்கு. மலாயாவிலிருந்து சென்றோருள் தோட்டத் தமிழரே மிகுதி. இறந்தோரிலும் ஆசியர்களே பெரும்பான்மையர்.

கிள்ளான் அருகேயுள்ள மேருவைச் சேர்ந்த மாணவி ஒருவர் இந்நாவலைத் தேர்ந்தெடுத்தார். அவர் முதலில் கொணர்ந்தது பாலமொன்றின் படம். விசாரித்தபோது அது 1957ஆம் ஆண்டு ஆங்கிலத் திரைப்படத்தின் காட்சி எனவும், இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது எனவும் தெரியவந்தது. அடுத்து அவர் கொணர்ந்தது, ஆஸ்திரேலியக் கைதியான ஜார்ஜ் ஆஸ்பினால் மறைத்து வைத்திருந்த கேமராவால் எடுத்த படங்களுள் ஒன்று. அது மெய்யான சான்றே. எனினும் அதில் இருந்தவர்கள் வெள்ளையரே. தமிழரின் துயரைப் பேசும் நூலின் முகப்பில் தமிழர் இல்லை.

மூன்றாவதாக, அவர் தம் கொள்ளுத்தாத்தாவின் அடையாள அட்டைப் படத்தைக் கொணர்ந்தார். சயாமிலிருந்து மீண்டவர் அவர். 1948இல் அவசரகாலத்தின்போது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் பதிவுசெய்யப்பட்டு, படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டை வழங்கப்பெற்றனர். தோட்டத்தவர் பலருக்கு அதுவே வாழ்நாளின் முதற்படமாக இருந்திருத்தல் கூடும். கண்காணிப்பிற்காக எடுக்கப்பட்ட படம் குடும்பத்தின் நினைவுப்பொருளாக மாறியிருந்தது.

அம்முகத்தைக் கண்டு வகுப்பே அமைதியுற்றது. பொருத்தமான அட்டை கிடைத்துவிட்டதென நாமும் எண்ணினோம். ஆனால், அம்மாணவியின் பாட்டி கேட்ட வினா நம்மைத் தடுத்து நிறுத்தியது: “இது எங்கப்பா கதையா? இல்லேன்னா அவரு முகம் எதுக்கு?”

அவ்வினா நியாயமானது. நாவலின் மாந்தர் புனைவு; படத்திலிருப்பவரோ வாழ்ந்த மனிதர். ஒன்றன்மேல் மற்றொன்றை ஒட்டும்போது, பெயரிருந்த ஒருவரையும் நாம் ‘மாதிரி’ ஆக்கிவிடுகின்றோம். துரையின் கேமரா செய்ததை அன்பின் பெயரால் நாமே செய்ய நேர்கின்றது. இறுதியில் அம்மாணவி, கொள்ளுத்தாத்தா முன்பு வேலை செய்த தோட்டத்திற்குச் செல்லும் மண்சாலையைத் தாமே படமெடுத்து முகப்பில் இட்டார். பாட்டியின் இசைவுடன் அவருடைய படம் பெயருடனும் ஆண்டுடனும் உள்ளட்டையில் இடம்பெற்றது.

முடிவுரை

மூல ஒளிப்படம் நாவலுக்கு மெய்ம்மையை அளிக்க வல்லது. ஆயின், படத்திலிருப்பவர் யார், எடுத்தவர் யார், எந்த ஆண்டு, எவருடைய இசைவு என்னும் நான்கையும் பதிப்பாளர் நூலிலேயே குறித்தல் வேண்டும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தகைய படங்கள் இன்று தகரப் பெட்டிகளிலும் பழைய ஆல்பங்களிலும் எஞ்சியுள்ளன. அவற்றின் பின்புறத்தில் பெயரை எழுதி வைக்கக்கூடிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, தமிழாசிரியர்கள் தம் மாணவர்களை அப்பணியில் ஈடுபடுத்துதல் இன்றியமையாதது.