மலைக்குள் போகாத காந்தம்

இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாகப் பல ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் புகுந்து மறுபக்கம் போய்விட்டன. சூரியனிலிருந்து வருகிற கணக்கு மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு, விநாடிக்குச் சுமார் 6,500 கோடி. ராத்திரியானாலும் விடாது. பூமியைத் துளைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து வரும். பயப்படாதீர்கள். வலிக்காது, சுடாது. நீங்களும் மீனாட்சியம்மன் கோயில் ராஜகோபுரமும் அதற்கு ஒன்றுதான். இரண்டுமே வழியில் இல்லாத மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

இப்படி எதையும் தொடாமல் போகிற ஒரு துகளுக்காகத்தான் மதுரையிலிருந்து தேனி வரைக்கும் ஊர்வலம், வழக்கு, தடை எல்லாம் நடந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1930ல் வுல்ஃப்காங் பௌலி என்ற விஞ்ஞானி, சில அணுக்கள் சிதையும்போது ஆற்றல் கணக்கு உதைப்பதைப் பார்த்து, 'கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் மீதியை எடுத்துக்கொண்டு ஓடுகிறது' என்று சொல்லிவைத்தார். (சஸ்பென்ஸ் அக்கவுன்ட் போட்டு பாலன்ஸ் ஷீட்டை டேலி பண்ணுகிற வேலை. பி.காம். படித்தவர்களுக்கு உடனே புரியும்.) அந்தத் துகள் நிஜமாகவே பிடிபட 1956 வரை ஆனது. அதுவும் அணு உலையிலிருந்து வந்த நியூட்ரினோ. காற்று மண்டலத்தில் இயற்கையாக உண்டாகிற நியூட்ரினோவை யார் பிடிப்பது?

பிடித்த இடம் நம்ம கோலார் தங்கவயல். ஆமாம், மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழர்கள் இறங்கி உழைத்த அதே சுரங்கம்தான். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்துக் காத்திருந்தார்கள். அவ்வளவு ஆழம் ஏன்? வானத்திலிருந்து மியூவான் என்ற இன்னொரு துகள் ஓயாமல் மழையாகக் கொட்டுகிறது. அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் முணுமுணுப்பு கேட்காது. மேலே பாறை இருந்தால் மியூவான் வடிகட்டப்படும், நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும். 1965ல் வந்தது. அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் ஓர் அமெரிக்கக் குழு அதைக் கண்டது. அச்சில் முதலில் வந்தது கோலார். இரண்டு வார வித்தியாசம்!

1990களின் தொடக்கத்தில் ஆழ்சுரங்கங்கள் மூடப்பட, ஆராய்ச்சிக்கும் மூடுவிழா. 1998ல் ஜப்பானியர்கள், நியூட்ரினோ போகிற வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு உருமாறுகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் அதற்கு எடை உண்டு. மூன்று எடைகளில் எது பெரியது, எது சிறியது? அதுதான் அடுத்த கேள்வி. நம்மவர்களுக்குக் கை துறுதுறுத்தது. சுரங்கம் போனால் என்ன, மலையைக் குடைவோம் என்றார்கள்.

முதலில் பார்த்தது நீலகிரியில் சிங்காரா. முதுமலைக்குப் பக்கத்தில் யானை நடமாடும் இடம் என்று 2009ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. பிறகுதான் தேனி மாவட்டம் பொட்டிபுரம். மதுரையிலிருந்து மேற்கே சுமார் 110 கிலோமீட்டர். போடி மேற்கு மலையில் பக்கவாட்டில் ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்குச் சுரங்கப்பாதை. அதன் முடிவில் எந்தப் பக்கம் பார்த்தாலும் 1 கிலோமீட்டர் பாறை சூழ்ந்த குகை. குகைக்குள் 50,000 டன் காந்த இரும்பு, 151 அடுக்குகளாக. இடையிடையே ஏறத்தாழ 30,000 கண்ணாடி உணர்கருவிகள். உலகத்திலேயே மிகப்பெரிய காந்தமாக இருந்திருக்கும். இத்தனைக்கும் தலைமையகம் மதுரையில். காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிற பக்கமாக, வடபழஞ்சியில் 33 ஏக்கர் ஒதுக்கினார்கள்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பிளஸ் டூ முடித்தவனிடம் 'கவுன்சலிங் போனியா?' என்று கேட்டால் அது இன்ஜினீயரிங் சீட் கவுன்சலிங்தான். உனக்கு என்னடா பிடிக்கும் என்று உட்கார்த்திவைத்துக் கேட்கிற கவுன்சலிங் நம் பள்ளிக்கூடங்களில் அபூர்வம். 'ஃபிசிக்ஸ் படிச்சா வாத்தியார் வேலைதான்' என்று சொல்கிற ஊரில், பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு பெரிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம் வந்திருந்தால், அந்தப் பேச்சே கொஞ்சம் மாறியிருக்கும்.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல். சுமார் 1,500 கோடி ரூபாய். அதற்குள் பொட்டிபுரத்தில் புகைய ஆரம்பித்திருந்தது. கதிர்வீச்சு வரும், அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டப் போகிறார்கள், வெடி வைத்தால் முல்லைப் பெரியாறு அணைக்கு ஆபத்து, இடுக்கி அணைக்கும் ஆபத்து... விஞ்ஞானிகள் பதில் சொல்லாமல் இல்லை. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இந்துமதி போன்றவர்கள் தமிழிலேயே விளக்கினார்கள். நியூட்ரினோவால் ஓர் ஈக்குக்கூடத் தீங்கில்லை என்பது சத்தியமான பேச்சு.

ஆனால் ஊர்க்காரர் கேட்டது நியூட்ரினோவைப் பற்றி மட்டுமா? மலையில் மாடு மேய்க்க விடுவீர்களா, கிணற்றுத் தண்ணீர் என்னாகும், குடைந்தெடுக்கிற பல லட்சம் டன் பாறையை எங்கே வைப்பீர்கள், எத்தனை வருஷம் லாரி ஓடும்? பௌதிகப் பாடத்தில் இதற்கு விடை கிடையாது. போதாக்குறைக்குப் பணம் தருவதில் அணுசக்தித் துறையும் உண்டு. கூடங்குளம் போராட்டச் சூடு ஆறாத நேரம். 'அணு' என்ற சொல் காதில் விழுந்தாலே சந்தேகம் வரத்தான் செய்யும்.

2015 மார்ச்சில் ம.தி.மு.க. பொதுச் செயலாளர் வைகோ தொடர்ந்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. வேடிக்கையைப் பாருங்கள். அதே வருஷம் அக்டோபரில், நியூட்ரினோவின் உருமாற்றத்தைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் கஜிதாவுக்கும் கனடாவின் மெக்டொனால்டுக்கும் நோபல் பரிசு!

2017ல் அடுத்த அடி. இடுக்கி மாவட்டத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இந்த மலையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மாநில எல்லையும் பக்கத்தில். அப்படியிருக்க, சாதாரணக் கட்டட வேலைக்குப் போல அனுமதி கொடுத்தது செல்லாது, உரிய பிரிவில் புதிதாக விண்ணப்பியுங்கள் என்றது பசுமைத் தீர்ப்பாயம். ஆடிட்டிங் பேப்பரில் எங்களுக்கு முதல் பாடமே இதுதான்: கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, வவுச்சரும் இருக்க வேண்டும். பௌதிகத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள், ஃபாரம் பூர்த்தி செய்வதில் கோட்டை விட்டார்கள். அதைக் கவனித்திருக்க வேண்டிய அமைச்சகமும் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தியிருக்கிறது. 'புரியாத ஜனங்கள் கெடுத்துவிட்டார்கள்' என்று டெல்லி, மும்பைப் பத்திரிகைகளில் எழுதியவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

2018 மார்ச்சில் சிறப்பு நிபந்தனைகளோடு திரும்ப அனுமதி கிடைத்தது. அந்த மாதக் கடைசி நாளில் மதுரையில் எதிர்ப்பு நடைப்பயணம் கிளம்பியபோது, கட்சித் தொண்டர் ஒருவர் தீக்குளித்தார். பிழைக்கவில்லை. யாரையும் தொடாத துகளுக்காக ஓர் உயிர் போனது. பொட்டென்று நாலு வரிச் செய்தியாக அதைக் கடந்து போனோம்.

2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் காரணம் காட்டி, இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. புலி விஷயம் கட்டுக்கதை இல்லை. அதனால்தான் எனக்கும் ஒரு பக்கமாகச் சாய முடியவில்லை. வருத்தம் மட்டும் இருக்கிறது.

சீனாக்காரர்கள் இதே எடைக் கேள்விக்கு விடை தேட, ஜியாங்மென் பக்கத்தில் 700 மீட்டர் ஆழத்தில் வேறு வகைக் கருவி ஒன்றைக் கட்டினார்கள். பெயர் ஜூனோ. 20,000 டன் திரவம். 2025 ஆகஸ்டில் அது தகவல் சேகரிக்கத் தொடங்கிவிட்டது.

நம்மிடம் என்ன மிஞ்சியது என்கிறீர்களா? பெரிய காந்தத்துக்கு மாதிரியாக, சின்னதாக ஒன்றை மதுரையில் செய்து பார்த்தார்கள். 11 இரும்பு அடுக்கு, இடையில் 10 அடுக்கு உணர்கருவி. மொத்தம் 85 டன். அசலில் அறுநூறில் ஒரு பங்கு. 2018லிருந்து இயங்கத் தொடங்கிய அது அழகாகவே வேலை செய்தது. மேலே மலை இல்லாததால் அதில் பதிவானதெல்லாம் மியூவான்கள்தான்.