ஓட்டுநர் இருக்கை அளவியல்

வண்டி ஓட்டுபவரின் உடல் இருக்கையில் எப்படிப் படிகிறது, எத்தனை மணி நேரம் வலியின்றித் தாங்கும் என்று அளந்தறியும் துறை. இது மோட்டார் தொழிலில் பிறந்ததல்ல, மருத்துவத்தில் பிறந்தது. நாற்காலியின் சாய்மானம் இடுப்பு வளைவைத் தாங்க வேண்டும் என்று சுவீடன் மருத்துவர் ஓகர்ப்ளூம் 1948இல் எழுதினார். தொடைக்கும் உடலுக்கும் இடையே ஏறத்தாழ 135 பாகை இருந்தால்தான் முதுகெலும்பு இயல்பாக வளைந்திருக்கும் என்று அமெரிக்க மருத்துவர் கீகன் 1953இல் எக்ஸ்ரே படங்களால் காட்டினார்.

1974இல் சுவீடனில் ஆண்டர்சன் குழுவினர் கார் இருக்கையில் அமர்ந்தவர்களின் முதுகு டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். சாய்மானம் 120 பாகை, இடுப்புத் தாங்கல் 5 செ.மீ. என்றபோது அழுத்தம் மிகக் குறைந்திருந்தது. கிளட்சை மிதித்ததும் ஏறியது. திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பழநிச் சாலைகள் கூடும் செம்பட்டியில் நெரிசலை ஊர்ந்து கடந்து, கொடைக்கானல் மலைப்பாதைக்குப் போகும் பஸ் டிரைவரின் இடதுகால் கிளட்சை விட்டு அகலுவதே அரிது. ஆய்வுக்கூடம் கண்ட அழுத்தத்தை அவர் முதுகு நாள் முழுதும் சுமக்கிறது. ஓட்டுநர்கள் துண்டை மடித்து இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொள்வது அந்த 5 செ.மீ. தாங்கலைத் தாங்களே அமைத்துக்கொள்வதுதான்.

தொழிற்சாலைகள் வேறு வழியில் சென்றன. இடுப்பு மூட்டு எங்கே அமைகிறது என்று காட்டும் எச்-புள்ளிப் பொம்மையை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1962இல் தரப்படுத்தியது. எடை சுமார் 76 கிலோ. அமெரிக்க ஆண்களின் அளவு. பெண் உடல் அதில் இல்லவே இல்லை, இது சிறிய குறையல்ல. இந்தியாவிலும் ஏஐஎஸ்-097 தரம் நடுத்தர ஆண் உடலையே எச்-புள்ளிக்கு அடிப்படையாகக் கொள்கிறது. இந்திய ஆண், பெண் உடலளவுகளைத் திரட்டித் தேப்குமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் 1997இல் வெளியிட்டது. இருக்கை வடிவமைப்பாளர்கள் முதலில் புரட்ட வேண்டிய நூல் இது.

உடலுக்கு ஏறும் அதிர்வை அளக்க ஐஎஸ்ஓ 2631 தரம் 1974இல் வந்தது. தொடைக்கும் பிட்டத்துக்கும் அடியில் பாரம் எங்கே குவிகிறது என்பதை உணரிகள் பதித்த விரிப்புகள் இன்று வண்ணப்படமாகக் காட்டுகின்றன. ஆனால் ஷோரூமில் மெத்தென்றிருக்கும் இருக்கை மூன்றாம் மணியில் குத்தத் தொடங்கலாம். அந்தப் படம் அதை முன்கூட்டிச் சொல்லிவிடாது. அதனால்தான் 1976இல் கார்லெட், பிஷப் இருவரும் வகுத்த எளிய முறை இன்றும் கைவிடப்படவில்லை: உடலின் வரைபடத்தை ஓட்டுபவர் கையில் கொடுத்து, குறித்த இடைவெளிகளில், எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று அவரையே கேட்பது.