பால்வாடி யார் தெருவில்?

சத்துணவு வரலாறு எழுதுகிறவர்கள் 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் நீதிக்கட்சித் தியாகராயர் போட்ட மதியச் சோற்றில் தொடங்கி, காமராசரின் 1956ஐத் தொட்டு, எம்.ஜி.ஆரிடம் வந்து நிற்பார்கள். நல்லது. ஆனால் முதல் இரண்டும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கான சோறு. வாசலுக்கே வராத இடுப்புப் பிள்ளை என்ன தின்றது, யார் பார்த்துக்கொண்டார்கள்? சேலம், நாமக்கல் சமவெளியின் அருந்ததியர் வளவிலிருந்து இதைக் கேட்க வேண்டும்.

கவலை இறைத்த காலத்தில் தோல் சால் தைத்துக் கொடுத்தவர்கள் நம் சனங்கள். கவுண்டர் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்களும் அவர்கள்தான். பெண்ணும் காட்டுக்குப் போனால்தான் அடுப்பெரியும். "புள்ளய எங்க உடறது?" காட்டோர வேம்பில் தூளி, இல்லாவிட்டால் ஆறு வயசு அக்கா. அந்த அக்காதான் நம் வளவின் முதல் ஆயா. சம்பளமும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. கரண்டு மோட்டார் வந்து கவலை போச்சு, தோல் வேலையும் போச்சு. சேகோ ஆலை, செங்கல் சூளை, விசைத்தறி, கோழிப்பண்ணை என்று கூலி இடம் மாறியது. அக்கா மாறவில்லை.

1975இல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1இல் திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2 வயது முடிந்த கிராமத்துப் பிள்ளைக்கும் சூடான சோறு போட்டது. இதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். பசியறிந்தவன் சொல்ல மாட்டான். (பின்னால் முட்டையும் சேர்ந்தது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பண்ணையில் கோழி எச்சம் அள்ளுகிறவள் வீட்டில் முட்டை உண்டா என்பது வேறு கதை.)

ஆனால் மூளையும் உடம்பும் வேகமாக வளர்வது முதல் இரண்டு வயசுக்குள். அப்போது நின்றுபோன வளர்ச்சியைப் பிறகு சோறு போட்டு மீட்பது கடினம். இதை உணர்ந்துதான் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில், உலக வங்கிக் கடனில், 6 மாதம் முதல் 3 வயசு வரையான குழந்தையை மாதாமாதம் எடை பார்த்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துருண்டை கொடுத்தார்கள்.

எடை பார்க்கப் பிள்ளை மையத்துக்கு வரணுமே? பல இடங்களில் பால்வாடி ஊருக்குள்ளே, சாவடியும் கோயிலும் இருக்கிற பக்கம் எழும்பியது. பெரியவனுக்கு அரை மைல் ஒரு தூரமே இல்லை. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அது ஊருக்கும் சேரிக்கும் இடையிலான மொத்தத் தூரம். தூக்கிப்போக வேண்டிய ஆத்தா விடியற்காலையிலேயே வேலைக்குப் போயாச்சு.

பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான். அது உயிர் காத்தது. பெற்றவர் வேண்டாமென்ற பிள்ளைக்கு அரசுத் தொட்டில் வந்தது. வேண்டுமென்று வைத்துக்கொண்ட கூலிக்காரியின் பிள்ளைக்கு அப்போதும் காட்டோரத் தூளிதான்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், சத்துணவு சமைக்கும் வேலையில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லி 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 14 வருசம் கழித்து, 2018 ஜூலையில், அவிநாசி ஒன்றியம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். அதிகாரி அவரையே இடம் மாற்றினார். நம்மவர்கள் போராடிய பிறகே மாற்றம் ரத்தானது. பள்ளியிலேயே இப்படியென்றால் பால்வாடிச் சோற்றைக் கேட்கவா வேணும்?

அதே வழக்கில், 2004 அக்டோபர் 7 உத்தரவு எல்லாத் தலித், பழங்குடிக் குடியிருப்புகளிலும் விரைவில் அங்கன்வாடி வேண்டும் என்றது. 2006 டிசம்பர் 13 உத்தரவு, ஆறு வயசுக்குட்பட்ட 40 பிள்ளைகள் உள்ள கிராமக் குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தரச் சொன்னது. கொங்குப் பக்கம் தோட்டத்தோரத்து வளவில் பத்து வீடு, பதினஞ்சு வீடுதான். நாற்பது பிள்ளைக்கு எங்கே போவது? மனுக் கொடுக்கப் போனால் அதிகாரி இரண்டாவது உத்தரவை எடுத்துக் காட்டுவார். முதல் உத்தரவின் நகல் நம் கையில் இருக்க வேண்டும்.