திம்புக்துவின் கிதாபுகள்

மொராக்கோப் படையெடுப்பில் தாம் இழந்த கிதாபுகள் 1,600 என்றும், தம் உறவினருள் தம்முடையதே மிகச் சிறிய நூலகம் என்றும் திம்புக்துவின் பேரறிஞர் அஹ்மது பாபா கூறினாராம். அப்பெரியாரின் பெயர் தாங்கிய நிலையத்தை மாலி அரசு 1973இல், யுனெஸ்கோவின் துணையோடு திறந்தது. குவைத்தும் பொருளுதவி செய்தது.

பின்னர் வந்த தென்னாப்பிரிக்க உதவியால் 2009இல் அழகிய புதுக் கட்டடம் எழுந்தது. அதனினும் நாம் மேலாக மதிப்பது, நிலையத்தின் ஊழியரையே பிரிட்டோரியாவுக்கு அழைத்து, சிதைந்த ஏடுகளைச் செப்பனிடும் கலையை அந்நாட்டார் கற்பித்ததைத்தான்.

2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைக் கைப்பற்றின. பழைய கட்டடத்தில் இருந்த பல்லாயிரம் ஏடுகளை ஊழியர்களும் ஊராருமே மறைவாகப் பமாக்கோவுக்குக் கொண்டு சேர்த்தனர். 2013 ஜனவரியில் எரிந்தும் களவுபோயும் மறைந்த ஏறத்தாழ 4,000 பிரதிகளோ, புதுக் கட்டடத்தில் இருந்தவை.