மானிப்பாய்த் தமிழும் இரைப்பை நீரும்

பசியை நம் முன்னோர் சாடராக்கினி என்றனர். வயிற்றில் உள்ள தீயே உண்டதை எரிக்கின்றது என்பது அவர் கொள்கை. அத்தீ உண்மையில் ஒரு நீரே. அதில் ஐதரோகுளோரிக் அமிலம் உண்டு என்று 1824இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரௌட் காட்டினார்.

அந்நீரின் தொழிலை நேரிற் கண்டவர் அமெரிக்க இராணுவ வைத்தியர் வில்லியம் போமன்ற். 1822 யூன் மாதத்தில் அலெக்சி சென் மாட்டின் என்னும் இளங் கூலியாள் மீது துவக்கு வெடித்தது. அவன் உயிர் பிழைத்தான். ஆனால் இரைப்பையிற் பட்ட துவாரம் மூடவில்லை. போமன்ற் இறைச்சித் துண்டைப் பட்டு நூலிற் கட்டி அதனூடாக இறக்குவார். சில மணி கழித்து இழுத்துப் பார்ப்பார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து உடற்சூட்டில் வைத்தபோது அங்கும் இறைச்சி கரைந்தது! இவற்றை 1833இல் நூலாக்கினார். ஏழை ஒருவனின் புண் உலகிற்குப் பாடநூலானது நமக்கு உவப்பான செய்தியன்று. 1880இல் அவன் இறந்தபோது, உடல் வைத்தியர் கையிற் சிக்காதபடி அழுகும்வரை வைத்திருந்து ஆழப் புதைத்தனர் உறவினர்.

இத்தகைய உடலறிவு நம் தீவில் தமிழிலேயே கற்பிக்கப்பட்டதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் போதித்தார். 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' முதலிய நூல்கள் வெளிவந்தன. சுகரணம் என்றது உடற்றொழிலியலை. 'கெமிஸ்தம்' என்றதும் நமக்குச் சிரிப்பு வரலாம். சொல் இல்லாத இடத்தில் நின்றுவிடாது எழுதிச் சென்றாரே, அது சிரிப்பிற்குரியதன்று. வைத்தியக் கல்வி ஆங்கிலத்திற்கு மாறியபின், குளிசைப் பெட்டியிலுள்ள தாள் நம் பெரியோர்க்கு விளங்காத சாசனமாயிற்று. அத்தாள் சொல்வதில் ஒரு பகுதியையேனும் இங்கே தமிழிற் சொல்லிப் பார்ப்போம்.

மருந்து உடலில் எங்ஙனம் தொழிற்படுகின்றது என்பது கிறீன் காலத்தில் எவருக்கும் தெளிவாகாத விடயம். 1905இல் லாங்லி என்னும் ஆங்கில அறிஞர், கலங்களில் மருந்தை ஏற்கும் பொருள் ஒன்று உண்டு என்றார். அதனைப் பூட்டு என்று கொள்வோம். உடலில் ஊறும் ஹிஸ்டமின் ஒரு திறப்பு. அது பொருந்தினால் இரைப்பைக் கலம் அமிலத்தைச் சுரக்கும். பூட்டில் நுழைந்தும் திறக்காத பொய்த் திறப்பைத் தேடினார் ஜேம்ஸ் பிளாக். அதன் பயனே 1976இல் விற்பனைக்கு வந்த சிமெற்றிடீன். 1988இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர்.

நம் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரத்தை நினையுங்கள். வழிந்த நீரைத் துடைப்பது போன்றது அமிலத்தை முறிக்கும் மருந்து. இயந்திரத்தை முடுக்க வருபவனைத் தடுப்பது சிமெற்றிடீன். இயந்திரத்தையே நிறுத்துவது, 1980களின் இறுதியில் வந்த ஒமிப்பிரசோல். இதிலொரு வேடிக்கை: இரைப்பைக்கான இம்மருந்து இரைப்பை அமிலத்திலேயே அழிந்துபோகும்! ஆதலால் உறையிட்டுக் குடலுக்கு அனுப்புகின்றனர். அங்கே உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே இரைப்பைக் கலத்திற்குத் திரும்பி வருகின்றது. கப்சூலைத் திறந்து, உள்ளிருக்கும் மணிகளை அரைத்து விழுங்கினால் அவ்வுறை சிதைந்து, மருந்தின் பெரும்பகுதி வழியிலேயே அழிந்துவிடும்.